தையல் மெஷின் கடைக்காரருக்கு எதற்குக் கிரெடிட் கார்டு? – கமிஷன் இணையதளங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஒரு பொருளைப் பற்றி நம் இணையதளத்தில் எழுதுகிறோம். அந்தப் பக்கத்தில் நாம் வைத்திருக்கும் இணைப்பின் வழியாகச் சென்று ஒருவர் அதை வாங்கினால், விற்ற நிறுவனம் நமக்கு ஒரு சிறு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கிறது. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது அவ்வளவுதான். 1996இல் அமேசான் தனது அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து உலகெங்கும் இது பரவியது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: எந்த ‘நீச்’சைத் தேர்ந்தெடுத்தால் லாபம் வரும்? குறுகிய ஒரு துறையைக் குறிக்க இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் சொல் அது. ஜாதகம் பார்த்துப் பழகிய நம் காதுக்கு அது கிரகம் நீசமானதைப் போல ஒலிப்பதால், நான் துறை என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஈரோட்டில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. ஒரு கமிஷன் தளம் தொடங்க ஆசை. கிரெடிட் கார்டு, காப்பீடு, வெப் ஹோஸ்டிங் (இணையதளத்துக்கு இடம் வாடகைக்குத் தருவது), எடைக் குறைப்பு ஆகியவையே அதிக லாபம் தரும் துறைகள் என்று யூடியூபில் ஒருவர் பட்டியல் போட்டார். கிரெடிட் கார்டைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். சரிதானா, ஐயா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே விடை இருக்க, நீங்கள் கடைசி வரியில் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியல் பொய்யல்ல. ஒரு கார்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டால் கிடைக்கும் தொகையும், ஒரு ஹோஸ்டிங் கணக்குக்குக் கிடைக்கும் தொகையும், ஒரு மிக்ஸிக்குக் கிடைப்பதைவிட நிச்சயமாக அதிகம். ஆனால் கமிஷன் அதிகமாக இருக்கும் இடத்தில் யார் யார் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. கார்டுகளையும் காப்பீட்டையும் ஒப்பிட்டுக் காட்ட பேங்க்பஜார், பாலிசிபஜார் போன்ற நிறுவனங்கள் எழுத்தாளர்களையும் பொறியாளர்களையும் சம்பளத்துக்கு வைத்துப் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. அதோடு, பணம், உடல்நலம் போன்ற, தவறினால் மனிதருக்குக் கேடு வரக்கூடிய விஷயங்களில் எழுதியவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது வீண் உழைப்பு. ஹோஸ்டிங்கைப் பரிந்துரைத்த யூடியூப் நண்பரின் வீடியோவுக்குக் கீழே ஒரு ஹோஸ்டிங் இணைப்பு இருந்ததா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்க நினைக்கும் ஒரு பெண், பத்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, சாதாரண கால் மெஷின் போதுமா, அம்பர்லா மெஷின் வாங்கலாமா, அல்லது கடன் வாங்கியாவது பவர் மெஷினுக்குப் போய்விடலாமா என்று தெரியாமல் நிற்கிறாள். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதும், சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போது மட்டும் ஓடுவதால் மின் கட்டணமும் சத்தமும் குறையும் என்பதும் உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வீட்டு மெஷினின் ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகவும், பவர் மெஷினின் ஊசிக்குத் தண்டு முழு உருண்டையாகவும் இருக்கும் என்பது தெரியாமல் ஊசிப் பாக்கெட்டை மாற்றி வாங்கியவர்கள் எத்தனை பேர் உங்கள் கடைக்கு வந்திருப்பார்கள்? மெல்லிய துணிக்கு 11ஆம் எண், பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று நீங்கள் போகிற போக்கில் சொல்வதைத்தான் ஒருவர் இரவில் போனில் தேடிக்கொண்டிருக்கிறார். பழைய கால் மெஷினுக்கு மோட்டார் மாட்டலாமா, எந்தப் பாபின் கேஸ் எந்த மெஷினுக்குப் பொருந்தும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினைத் தனியாக வாங்க வேண்டுமா என்று நீங்கள் தினமும் வாயால் சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஒரு கட்டுரை.

லாபமான துறை என்று நான் கருதுவது இதைத்தான். தலைப்பு பெரிதா சிறிதா என்பது அவ்வளவு முக்கியமல்ல. பணத்தை எடுத்து வைத்துவிட்ட ஒருவர் எந்தச் சந்தேகத்தால் வாங்காமல் நிற்கிறார் என்பதையும், அந்தச் சந்தேகத்தை மற்றவர்களைவிட நன்றாக உங்களால் தீர்க்க முடியுமா என்பதையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேடுபவர் எல்லோரும் வாங்குபவர் அல்லர் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் நடத்துகிறது. ‘இலவச தையல் மெஷின் விண்ணப்பம்’ என்று எழுதினால் உங்கள் தளத்துக்குக் கூட்டம் வரலாம்; ஆனால் இலவசமாகக் கிடைக்கும் என்று வந்தவர் உங்கள் இணைப்பைத் தொட்டு மெஷின் வாங்கப் போவதில்லை. அதே நேரத்தில், ‘பிளவுஸ் தைக்க எந்த மெஷின் நல்லது’ என்று தேடுபவர் மிகக் குறைவாக இருந்தாலும், அவர் கையில் பணத்தோடு வருகிறார்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். இது மாதிரிக் கணக்கு மட்டுமே. விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாதம் 1,000 பேர் ஒரு கட்டுரையைப் படித்து, அவர்களில் 200 பேர் இணைப்பைத் தொட்டு, 6 பேர் 9,000 ரூபாய் மெஷினை வாங்குகிறார்கள் என்றும், கமிஷன் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், 2,700 ரூபாய் வரும். அதே 6 பேர் 100 ரூபாய் ஊசிப் பாக்கெட் வாங்கினால் வருவது 30 ரூபாய். ஆகவே ஊசிக் கட்டுரை மக்கள் உங்களை நம்புவதற்காகவும், மெஷின் கட்டுரை வருமானத்துக்காகவும் என்று இரண்டையும் எழுதுங்கள். கமிஷனை வரிக்கு முந்தைய விலையில்தான் கணக்கிடுவார்கள் என்பதையும், பொருள் திரும்ப வந்தால் கமிஷனும் திரும்பப் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், மேலே சொன்ன 2,700 இன்னும் கொஞ்சம் குறையும்.

பொருளின் ஆயுளையும் பாருங்கள். நான் முதலில் தொடங்கியது செல்போன் விமர்சனத் தளம். வாரம் ஒரு புது மாடல் வந்தது; நான் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள் அந்த போன் கடையிலிருந்து போய்விட்டது; ஆறு மாதத்துக்குப் பிறகு என் கட்டுரைகளில் பாதி, விற்பனையில் இல்லாத பொருள்களைப் புகழ்ந்துகொண்டிருந்தன. தையல் ஊசியின் எண் அப்படி மாறுவதில்லை.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். எழுதவும் வரும். ஆனால் விதை 40 ரூபாய், பூவாளி 150 ரூபாய் என்று எல்லாமே மலிவான பொருள்கள். இதில் கமிஷன் என்ன வந்துவிடப் போகிறது? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: விதையை மட்டும் நம்பினால் எதுவும் வராது என்பது உண்மை. ஆனால் மாடித்தோட்டம் வைப்பவர் விதையோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். முதல் ஆடியில் ஐந்து பையில் தொடங்குபவர், அடுத்த கோடையில் செடி வாடுவதைப் பார்த்து நிழல்வலை தேடுகிறார். வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கும் வலையா, 75 சதவீதத்தை மறைக்கும் வலையா என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் செடி காய்ந்திருக்கிறது என்பதால் சொட்டுநீர்க் கிட்டும் டைமரும் தேடுகிறார். இரண்டாம் ஆண்டில் சாதாரணப் பை கிழிந்து, ஹெச்.டி.பி.இ. என்னும் உறுதியான பிளாஸ்டிக் பைக்கு மாறுகிறார். சரியாகக் கழுவாத கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த் தூளில், உப்பு இருக்கும், அதில் நட்ட நாற்று கருகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கழுவிய கட்டி எது என்று கேட்கிறார். ஒருவரே மூன்று ஆண்டுகளில் ஏழெட்டு முறை வாங்குகிறார் என்பதுதான் உங்கள் துறையின் பலம். மெஷின் ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டுகள் ஓடும். மாடித்தோட்டக்காரர் திரும்பத் திரும்ப வருவார்.

இன்னொரு சிறிய லாபமும் உண்டு. அமேசான் போன்ற பெரிய கடைகளின் திட்டத்தில், உங்கள் இணைப்பின் வழியாக உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் வேறு எதை வாங்கினாலும் அதற்குரிய கமிஷன் பெரும்பாலும் உங்களுக்கே வரும். நிழல்வலை பார்க்கப் போனவர் வலையை வாங்காமல் பிரஷர் குக்கர் வாங்கியதாக உங்கள் அறிக்கையில் ஒருநாள் பார்ப்பீர்கள். ஆனால் அந்த 24 மணி நேரம் கடந்துவிட்டால், உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் முடிவெடுத்தார் என்றாலும் பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் யோசித்து வாங்கும் விலையுயர்ந்த பொருளைவிட, படித்த அன்றே வாங்கிவிடும் 600 ரூபாய்ப் பொருள் சில சமயம் அதிக வருமானம் தருவதற்குக் காரணம் இதுதான்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று விவசாயிக்குச் சொன்னார்கள். எழுதுகிறவருக்குப் பட்டம் அதற்கும் முன்னால் வருகிறது. புதிய தளத்தின் கட்டுரை கூகுளில் மேலே வருவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால், ஆடிக்கான கட்டுரையைப் பங்குனியிலும், தைப்பட்டத்துக்கான கட்டுரையைப் புரட்டாசியிலும் வெளியிட்டுவிடுங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் ‘மாடித்தோட்டம்’ என்று போட்டு ஐந்தாண்டு வரைபடத்தைப் பார்த்தால் எந்த மாதத்தில் ஆர்வம் ஏறுகிறது என்பது தெரியும். அதில் காட்டும் எண் தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை அதோடு ஒப்பிடும் அளவு மட்டுமே என்பதை மறந்து பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு கருவியில் நான் எழுத நினைக்கும் தலைப்பைப் போட்டால் மாதம் பத்துத் தேடல்கூட இல்லை என்று காட்டுகிறது. தமிழில் எழுதுவதை விட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: முதலில் கருவியின் குறையைச் சொல்கிறேன். கூகுளின் கீவேர்டு பிளானர் விளம்பரம் கொடுப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குக்கு அது ‘100 முதல் 1,000 வரை’ என்பதுபோல் அகலமான வீச்சைத்தான் காட்டும். தமிழ்ச் சொற்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே பொருளை ஒருவர் தமிழ் எழுத்திலும், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லாகவும், மூன்றாமவர் மைக்கை அழுத்திப் பேசியும் தேடுகிறார். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. கருவி இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணிவிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யம் போடுகிறது.

ஆகவே வேறு இடங்களில் தேடுங்கள். கூகுளின் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்தினால், அது தானாக நீட்டிக் காட்டும் வரிகள் உண்மையான மனிதர்கள் தேடியவை. தமிழ் யூடியூப் வீடியோக்களின் கீழே உள்ள கருத்துகளைப் படியுங்கள். ‘அண்ணா, இது உப்புத் தண்ணிக்குத் தாங்குமா?’ என்று ஒரே கேள்வி இருபது முறை வந்திருந்து, வீடியோ போட்டவர் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் இருந்தால், அதைவிடச் சிறந்த தலைப்பை எந்தக் கருவியும் உங்களுக்குத் தராது. அமேசானில் ஒரு பொருளுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனங்களையும் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் மகிழ்ச்சியிலும், ஒன்று கொடுத்தவர் கோபத்திலும் எழுதியிருப்பார். மூன்று கொடுத்தவர்தான் நிறைகுறையைப் பொறுமையாகச் சொல்லியிருப்பார்.

மொழியைப் பொறுத்தவரை என் கருத்து இது. வாங்குபவர் தமிழில் யோசித்துத் தயங்கும் பொருளுக்குத் தமிழில் எழுதுங்கள்: வெட் கிரைண்டர், தையல் மெஷின், போர்வெல் மோட்டார், உப்புத் தண்ணீருக்கான வாட்டர் ஹீட்டர், பூஜை அறைப் பொருள்கள். கோவை கிரைண்டரில் டில்டிங் நல்லதா, டேபிள் டாப் நல்லதா என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் படிக்கும் கூட்டம் வேறு. கேமரா லென்ஸ், லேப்டாப் போன்றவற்றை வாங்குபவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தேடிவிடுகிறார். அங்கே தமிழ்க் கட்டுரைக்கு வேலை குறைவு. தமிழில் போட்டி குறைவு என்பதும், தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பர வருமானம் ஆங்கிலப் பக்கத்தைவிடக் குறைவு என்பதும் சேர்ந்தே வரும். அதனால்தான் தமிழில் எழுதுபவர் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸை மட்டும் நம்பாமல் கமிஷனையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்துக் கட்டுரை எழுதிய பிறகு கருவியை மூடிவிட்டு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று அதில் இருக்கும். நீங்கள் எழுதவே இல்லாத ஒரு கேள்விக்கு உங்கள் பக்கம் முப்பதாவது இடத்தில் வந்திருந்தால், அதற்குத் தனிக் கட்டுரை எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. குழந்தைப் பொருள்கள் பற்றிய தளம் தொடங்கி, பால் பாட்டில், பால் பவுடர், குழந்தை உணவு ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதப் போகிறேன். எல்லாத் தாய்மார்களும் தேடும் விஷயம் என்பதால் லாபம் வரும்தானே? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, அந்த மூன்றையும் இன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தைப் பால் மாற்று உணவுகள், பால் பாட்டில்கள், குழந்தை உணவுகள் குறித்து 1992ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2003இல் அது திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் உணவுக்கும் பொருந்தும்படி ஆக்கப்பட்டது. தாய்ப்பாலுக்குப் போட்டியாக இவற்றை முன்னிறுத்தக் கூடாது என்பது அதன் நோக்கம். கடையில் விற்கத் தடை இல்லை; விளம்பரம் செய்வதற்கும், வாங்கத் தூண்டுவதற்கும்தான் தடை. கமிஷனுக்காக ‘சிறந்த ஐந்து பால் பவுடர்கள்’ என்று எழுதுவது விளம்பரம் அல்ல என்று வாதாட முடியாது. தொட்டில், கார் இருக்கை, கொசுவலை, துணி டயப்பர், குழந்தையைச் சுமக்கும் பை என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. துணி டயப்பரை எப்படித் துவைப்பது, மழைக்காலத்தில் எத்தனை வேண்டும் என்று ஒன்றரை ஆண்டு அனுபவத்தோடு எழுதினால் அதுவே ஒரு தளத்துக்குப் போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனிக்க வேண்டும். கமிஷன் கொழுத்த துறைகளில் சிலவற்றைச் சட்டமே தடுக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், உடல் பருமனைக் கரைக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடுக்கிறது; மூலிகை, சித்தா என்று பெயர் போட்டுக்கொண்டால் விலக்கு கிடைத்துவிடாது. பணம் கட்டி ஆடும் ரம்மி போன்ற ஆட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கமிஷன் வாங்கியவர்கள் நம் ஊரில் நிறைய இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அந்த ஆட்டங்களை மட்டுமல்லாமல் அவற்றுக்கான விளம்பரத்தையும் குற்றமாக்கி, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. பங்குச் சந்தை ஆலோசனை என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு இல்லாமல் பரிந்துரை சொல்வதே தவறு. ஒரு துறையில் கமிஷன் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தால், ஏன் அதிகம் என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: சமையலறைச் சாதனங்கள் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட விமர்சனங்கள் எழுதினேன். ஒரு காலத்தில் மாதம் நல்ல வருமானம் வந்தது. இப்போது வருகையாளர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துறையை மாற்ற வேண்டுமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த நூறு சாதனங்களில் எத்தனையை நீங்கள் கையால் தொட்டீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. நிறுவனம் தந்த விவரத்தை மாற்றி எழுதியவை என்றால், பிரச்சினை துறையில் இல்லை.

கூகுள் 2021 ஏப்ரலில் பொருள் விமர்சனங்களுக்கென்றே தனி மாற்றம் கொண்டுவந்து, நேரில் பயன்படுத்தி எழுதியவற்றுக்கு முன்னுரிமை தரத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில், தேடுபொறியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளும் மாற்றம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு பக்கத்தின் தரத்தை மதிப்பிடும் அளவுகோல்களில் ‘அனுபவம்’ என்பதைச் சேர்த்தார்கள். 2024இல் பெரிய செய்தித் தளங்களின் பெயரை வாடகைக்கு எடுத்துக் கூப்பன் பக்கம் நடத்தியவர்கள்மீதும் கை வைத்தார்கள். போதாததற்கு, தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமான பதில் வருகிறது. ‘குக்கர் எத்தனை லிட்டர் வாங்கலாம்’ என்பது போன்ற கேள்விக்கு இனி யாரும் உங்கள் பக்கத்துக்கு வர வேண்டியதில்லை.

அந்தச் சுருக்கமான பதில் தர முடியாத ஒன்றை மட்டும் எழுதுங்கள். அமெரிக்காவில் பிரையன் லாம் 2011இல் தொடங்கிய வயர்கட்டர் என்ற தளத்தைப் பாருங்கள். மற்றவர்கள் ‘சிறந்த இருபது’ என்று பட்டியல் போட்ட காலத்தில், பல பொருள்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு ‘பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்று போதும்’ என்று சொன்னார்கள். ஏன் மற்றவை வேண்டாம் என்பதையும் விவரமாக எழுதினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 2016இல், நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் சுமார் 3 கோடி டாலருக்கு அதை வாங்கியது. உங்களிடம் சோதனைக்கூடம் இல்லை, சமையலறை இருக்கிறது. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டு மூன்று கிரைண்டர்களில் ஆட்டி, எத்தனை நிமிடம் ஆனது, மாவு எவ்வளவு சூடானது, கல்லைக் கழுவ எவ்வளவு நேரம் பிடித்தது, மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கியது என்று நீங்கள் எடுத்த படங்களோடு எழுதினால், அதை எந்த இயந்திரமும் இட்டுக்கட்ட முடியாது. கிரைண்டர்களை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்களின் வீடுகளில் இருப்பவை போதும், அதுவும் கோயம்புத்தூரில். நூறு கட்டுரையில் எண்பதை நீக்கிவிட்டு இருபதை இப்படித் திருத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே நிறுவனத்தின் கமிஷனை நம்பி இருக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், அறைக்கலன்களுக்கும் வீட்டுச் சீரமைப்புப் பொருள்களுக்கும் தந்துகொண்டிருந்த 8 சதவீதத்தை ஒரே அறிவிப்பில் 3 ஆக்கியது; மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. அன்று மாலை வரை லாபமாக இருந்த துறை, மறுநாள் அதே வாசகர்களோடு நட்டமானது. கோவையிலேயே கிரைண்டர் செய்யும் சிறு நிறுவனங்கள் பல இருக்கின்றன. அவர்களில் ஒருவரிடம் நேரில் சென்று, ஒரு கூப்பன் எண் கொடுத்தால் அதன் வழியாக வரும் விற்பனைக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள். இடையில் யாரும் இல்லாததால் விகிதம் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இத்தொழிலைச் செய்யலாமா? என் வாசகர்கள் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: செய்யலாம், ஆனால் உங்கள் துறையை வாசகர் இருக்கும் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமேசானின் கனடா, இங்கிலாந்து, இந்தியத் திட்டங்கள் தனித்தனியானவை. இந்தியத் தளத்தின் இணைப்பை டொராண்டோவில் இருப்பவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தம் நாட்டுக் கடையில் வாங்கினால் உங்களுக்கு எதுவும் சேராது. புலம்பெயர்ந்த வீடுகளில் இடியப்ப உரல், புட்டுக் குழல், அந்த நாட்டு மின் அழுத்தத்துக்கு ஏற்ற மிக்ஸி ஆகியவற்றைத் தேடும் தேவை நிச்சயம் இருக்கிறது. இங்கிருந்து போகும் 230 வோல்ட் மிக்ஸி கனடாவின் 120 வோல்ட்டில் ஒழுங்காக ஓடாது என்பதிலிருந்தே ஒரு கட்டுரை தொடங்கலாம். சேர்வதற்கு முன், அந்தத் திட்டம் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணத்தை எந்த வழியில் அனுப்பும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தளம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, ஒரு விற்பனையும் இல்லை. மாமா, அத்தை, நண்பர்கள் எல்லோரையும் என் இணைப்பில் வாங்கச் சொல்லலாமா? இணைப்புக்குக் கமிஷன் வரும் என்பதைத் தளத்தில் எழுதத்தான் வேண்டுமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. நீங்களே உங்கள் இணைப்பில் வாங்குவதையும், உறவினரையும் நண்பரையும் வாங்கச் சொல்வதையும் அமேசானின் ஒப்பந்தம் தடை செய்கிறது. கண்டுபிடித்தால் கணக்கை மூடி, சேர்ந்த கமிஷனையும் நிறுத்திவிடுவார்கள். முதல் 180 நாட்களில் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும் என்ற விதியால்தான் நீங்கள் பதறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கணக்கு மூடப்பட்டாலும், தளத்தைச் சீர்செய்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். விதியை மீறியதற்காக மூடப்பட்டால் திரும்ப நுழைவது கடினம்.

இரண்டாவது கேள்விக்கு, எழுதத்தான் வேண்டும். அதுவும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அல்ல, முதல் இணைப்புக்கு முன்னால், கட்டுரையின் மொழியிலேயே. விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதை வழிகாட்டு நெறியாக வெளியிட்டிருக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ‘இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது’ என்ற ஒரு வரி போதும். நான் அப்படி எழுதத் தொடங்கிய பிறகு வருமானம் குறையவில்லை. ‘உங்களுக்கு உதவும் என்று உங்கள் இணைப்பிலேயே வாங்கினேன்’ என்று முன்பின் தெரியாத சிலர் மின்னஞ்சல் அனுப்பினார்கள்.